புளூபுக்: உயர்தரம் படித்த கை பழகவேண்டிய செயலி

அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் எஸ்.ஏ.ரி பரீட்சை, 2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே கடதாசியில் இல்லை. அதை நடத்தும் கொலிஜ் போர்ட்டின் புளூபுக் செயலியில்தான் எழுதவேண்டும். செயலியும் அதிலுள்ள முழுநீளப் பயிற்சிப் பரீட்சைகளும் இலவசம். யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குக் காசு கட்டமுதல் இதில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். போனில் ஓடாது என்பதுதான் பெரிய குறை. லப்டொப்போ ஐபாட்டோ இல்லாத பிள்ளை யாரிடமாவது இரவல் வாங்கித்தான் பழகவேண்டும். (எங்கள் அரச பல்கலைக்கழகங்களுக்கு இசட் புள்ளிதான். இது வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு.)

மொத்தம் 98 வினா, 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து இரண்டு பகுதி: ஒவ்வொன்றிலும் 27 வினா, 32 நிமிடம். கணிதமும் இரண்டு பகுதி: ஒவ்வொன்றிலும் 22 வினா, 35 நிமிடம். இரு பாடத்திலும் முதற்பகுதியை எப்படிச் செய்தீர்களோ அதைப் பொறுத்தே இரண்டாவது கடினமாகவோ இலகுவாகவோ வரும். இலகுவானது வந்தால் எட்டக்கூடிய உச்சப் புள்ளியும் இறங்கிவிடும். ஆகவே முதற்பகுதியில் கவனப்பிழை விடவே கூடாது. முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

செயலியின் சிறந்த அம்சம் கணிதம் முழுவதற்கும் கிடைக்கும் டெஸ்மொஸ் வரைபுக் கணிப்பான். எங்கள் பிள்ளைகள் சறுக்குவதும் இதிலேதான். உயர்தர பௌதிகவியலில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால் எல்லாவற்றையும் கையால் சுருக்கிப் பழகியவர்கள். ஒருங்கமை சமன்பாடு வந்தால் இரண்டையும் அப்படியே தட்டுங்கள். கோடுகள் வெட்டும் புள்ளிதான் விடை. நாலு வரி செய்கை மிச்சம்.

தமிழ்மூலம் படித்தவருக்கு உண்மையான சோதனை வாசிப்புப் பகுதி. ஒவ்வொரு வினாவுக்கும் தனிச் சிறுபந்தி. கிடைப்பது சுமார் 71 செக்கன். சொல்வள வினாக்கள் முதலில் வரும், இலக்கண வினாக்கள் பின்பாதியில். நிறுத்தக்குறி, எழுவாய்–பயனிலை இயைபு போன்றவை விதியால் பிடிபடும். அவற்றை முதலில் முடித்துவிட்டு முன்னுக்கு வருவது நல்லது; அந்தப் பகுதிக்குள் எந்த வினாவுக்கும் தாவ செயலி விடும்.

இணையம் தொடக்கத்திலும் விடை அனுப்பும்போதும் தேவை. இடையில் அறுந்தால் தொடர்ந்து எழுதலாம். பற்றரி 3, 4 மணி நேரம் தாங்கவேண்டும், பழைய லப்டொப் என்றால் முன்னதாகவே சோதியுங்கள். பரீட்சைக்கு முந்திய 5 நாட்களுக்குள் செயலியில் ஆயத்தப்படுத்தலை முடித்து அனுமதிச்சீட்டை எடுக்கவேண்டும்.