“தோ வந்துட்டேன்” என்றால் எத்தனை மணி? ஆட்டிசம் உள்ள துணையோடு பேச வாட்ஸ்அப் எந்த அளவு உதவும்

சென்னை வண்ணாரப்பேட்டையில் ஒருவர் போனில் “தோ வந்துட்டேன்” என்றால், இன்னும் செருப்பே மாட்டவில்லை என்று அர்த்தம். கேட்கிற பலருக்கும் அது தெரியும். ஆட்டிசம் (பேச்சையும் சுற்றுப்புறத்தையும் மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும் நிலை) உள்ள கணவருக்கோ மனைவிக்கோ அது இறந்தகாலச் சொல்: வந்தாயிற்று. கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம். “பாக்கலாம்” என்பது மறுப்பு, “உன் இஷ்டம்” என்பது கோபம், “ஒன்னுமில்ல” என்றால் நிறைய இருக்கிறது. நம் பேச்சில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர் வீட்டில் இருந்தால், ஒரு நாளைக்குப் பத்து முறை இது இடிக்கும்.

இதற்கு வாட்ஸ்அப் எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். நிறுவியபடியே பயன்படுத்தினால் சிக்கலைக் கூட்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து மாற்றி வைத்தால், பைசா செலவில்லாமல் இதைவிட நல்ல கருவி கிடைப்பது கஷ்டம்.

எழுத்து ஏன் எளிது? நேரில் பேசும்போது சொல், குரல், முகம், சுற்றியுள்ள சத்தம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்தெடுக்க வேண்டும். ஆடி மாதம் தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டிவிட்டால், கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபடி போனால், அந்த வேலை பல மடங்காகும். எழுத்தில் சொல் மட்டும்தான் மிஞ்சும். திரும்பப் படிக்கலாம், யோசித்துப் பதில் போடலாம். சத்தமும் பதற்றமும் தாங்க முடியாமல் போகும்போது வாய் அடைத்துப்போகிற சிலருக்கு விரல் மட்டும் வேலை செய்யும். இன்னொன்று: 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், இந்தப் புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். ஆட்டிசம் இல்லாதவரும் ஆட்டிசம் உள்ளவரைத் தப்பாகத்தான் படிக்கிறார். அதனால் கீழே வரும் மாற்றங்களை இருவர் போனிலும் செய்ய வேண்டும்.

முதலில் நீல டிக், அதாவது செய்தியைப் படித்தாயிற்று என்று காட்டும் குறி. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் ரீட் ரிசீட்ஸை அணைத்துவிடுங்கள். 10.02-க்குப் படித்துவிட்டு 10.40 வரை பதில் இல்லையென்றால், காத்திருப்பவர் “மூஞ்ச தூக்கி வச்சிருக்கு” என்று முடிவு கட்டுகிறார். எதிர்முனையில் நடப்பது என்ன? சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அணைத்தால் மற்றவர் படித்ததும் நமக்குத் தெரியாது, அது நல்லதுதான். “டைப்பிங்” என்று மேலே ஓடுவதை மட்டும் அணைக்க வழியில்லை. நீளமாக எழுதி அழித்து எழுதுபவர், தனக்குத்தானே மெசேஜ் அனுப்பும் இடத்தில் எழுதி முடித்து, நகலெடுத்து ஒட்டலாம்.

அடுத்து ஒலி. துணையின் செய்திக்குத் தனி ஒலி வையுங்கள். சொந்தக்காரர் குரூப், தெரு குரூப், பள்ளிக்கூட குரூப் எல்லாவற்றையும் நிரந்தரமாக மியூட் செய்யுங்கள். காலை வணக்கப் படத்துக்கும் அவசரச் செய்திக்கும் ஒரே சத்தம் என்றால், ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிவாரிப் போடும். தானாக மறையும் மெசேஜ் வசதியை அணைத்தே வையுங்கள். ஒத்துக்கொண்ட விஷயம் எழுத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே பலமே. தவறாக எழுதினால் அழிக்காதீர்கள், 15 நிமிடத்துக்குள் திருத்துங்கள். அழித்தால் “நீக்கப்பட்டது” என்ற தடம் நிற்கும். அதில் என்ன இருந்தது என்று இரவு முழுக்க ஒரு மூளை ஓடும்.

இருவர் மட்டும் உள்ள குரூப்பே தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மூன்று தொடங்குங்கள்: “வீட்டு வேலை”, “மனசு”, “சும்மா”. சிலிண்டர் புக்கிங்கும் மனவருத்தமும் ஒரே இடத்தில் வந்தால் ஒன்றுக்குத்தான் பதில் கிடைக்கும், விடுபடுவது எப்போதும் வருத்தம்தான். பேச்சு தாவும்போது கூடவே தாவுவது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். அறை பிரித்துவிட்டால் தாவ வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: குரூப்பில் ரீட் ரிசீட் அணையாது, யார் படித்தார் என்பது தெரியும். அதனால் “மனசு” குரூப்புக்குப் பதில் மறுநாள் வரலாம் என்று முன்பே பேசி வையுங்கள். வீட்டில் போன் கைமாறும் என்றால் அந்த ஒரு குரூப்பை மட்டும் பூட்டி வைக்கும் சாட் லாக்கில் போடுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்புவது நம்பிக்கையை ஒரே நாளில் முடித்துவிடும்.

ஒரு சாட்டில் மூன்று செய்திகள் வரை பின் செய்யலாம், அதாவது மேலேயே நிற்கும்படி குத்தி வைக்கலாம். நாம் மாற்றாவிட்டால் 7 நாள் நிற்கும், அதிகபட்சம் 30 நாள். வாடகைத் தேதி, தண்ணீர் லாரி நாள் போன்றவற்றை மாதாமாதம் மறுபடி பின் செய்ய வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய விஷயம். “வரும்போது எதுனா மீன் வாங்கினு வா” என்பது செய்தியே இல்லை. இப்படி எழுதுங்கள்: “காசிமேட்டுல சங்கரா ஒரு கிலோ. அது இல்லன்னா கானாங்கெளுத்தி. ரெண்டும் இல்லன்னா வாங்க வேணாம். அங்கேயே வெட்டி வாங்கிக்கோ. 8 மணிக்குள்ள போதும்.” இதில் உயிர் “இல்லன்னா” என்ற சொல்தான். திட்டம் உடையும் இடத்தில், அதுவும் ஏலக் கூச்சலுக்கும் ஐஸ் தண்ணீருக்கும் நடுவே, புதிதாக முடிவெடுக்கச் சொல்வதுதான் ஆளைச் சாய்க்கிறது. அந்த முடிவை வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஐந்து துண்டாக அனுப்பாமல் ஒரே செய்தியாக அனுப்புங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டல். முடிந்தவரை தமிழ் எழுத்திலேயே தட்டுங்கள். ஆங்கில எழுத்தில் பள்ளியும் பல்லியும், கரியும் கறியும் ஒன்றாகிவிடும்.

“எப்படி இருக்கே?” என்ற கேள்விக்குப் பலரிடம் பதில் வராது. உள்ளே இருப்பது என்ன உணர்ச்சி என்று பெயர் வைக்க முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது உண்டு. இங்கே வாட்ஸ்அப்பின் வாக்கெடுப்பு வசதி அருமையாக உதவுகிறது. 12 விருப்பம் வரை போடலாம், ஐந்து போதும்: பசி, தூக்கம், சத்தம் தாங்கல, யாரும் பேச வேணாம், தெரியல. பல பதில்களைத் தொட அனுமதியுங்கள், பசியும் சத்தமும் சேர்ந்தே வரும். “தெரியல” கட்டாயம் இருக்கட்டும்.

பேச முடியாத நேரத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் போதும். அதன் பொருளை முன்பே எழுதி வையுங்கள்: “இப்ப முடியல, உன் மேல கோவம் இல்ல.” பலர் செய்யும் தவறு, நேரம் போடாதது. சிவப்பு வட்டத்தோடு “9 மணிக்கு நானே எழுதுறேன்” என்று வந்தால் காத்திருப்பவர் சோறு தின்பார். வராவிட்டால் பத்து முறை அழைப்பார், அந்த அழைப்பே நிலைமையை மோசமாக்கும்.

வாய்ஸ் நோட் இதில் பலவீனமான பகுதி. எழுத்தைப் போல ஒரு பார்வையில் படித்துவிட முடியாது, விட்ட இடத்தைத் தேடுவது கஷ்டம், எழுத்தால் தப்பித்த குரல் தொனி மறுபடி வந்து உட்காரும். ஆனால் எழுத்துக்கூட்டுவதே கடினம் என்பவருக்கு அதுவே வசதி. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் அரை நிமிடத்துக்குள், ஒரே விஷயம், கீழே ஒரு வரி எழுத்து.

“தோ வந்துட்டேன்” நோய்க்கு மருந்து லைவ் லொகேஷன்: நாம் இருக்கும் இடத்தை, நகர நகர மற்றவர் வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் வசதி. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவு உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் புள்ளி நகராது, விளக்கமே தேவையில்லை. கிளம்புகிறவர் தானாக 1 மணி நேரத்துக்குப் போடட்டும். தினமும் 8 மணி நேரம் கேட்பது வேவு பார்ப்பது.

சண்டைக்கு மட்டும் வாட்ஸ்அப் உதவாது. அதற்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். (வீட்டு வேலைக்கு ஐந்து, மனசுக்கு மூன்றரை.) ஆளுக்கு மூன்று செய்தி போனபிறகும் தீரவில்லையென்றால் நிறுத்தி, நேரம் குறியுங்கள். இரவு தெரு அடங்கியதும் மொட்டை மாடியில், எதிரெதிரே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். முகத்தைப் பார்க்காமல் இருப்பவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணைப் பார்க்கச் சொன்னால் காது மூடிவிடும்.

“பக்கத்துல உக்காந்துகினே போன்ல பேசிக்கிறாங்க” என்று மாமியார் சொல்வார். “எழுதினா அவருக்குத் தெளிவா புரியுது, அத்தை” என்ற ஒரு வரி போதும்.

போன் திரையே தாங்காத வீடுகளுக்கு ஒரு வெள்ளை போர்டு நல்லது. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். ஒன்றரை அடிக்கு இரண்டு அடி போதும், கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள், இன்று, நாளை, கேள்வி என்று மூன்று கட்டம். கேள்விக் கட்டத்தில் எழுதியதை, பதில் வாங்கியவர்தான் அழிக்க வேண்டும்.