யாரும் தொடாமலே ‘நோர்மல்’ என்று நிரம்பும் கட்டம்

பேராதனையில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் தெஹிவளையில் சொந்தமாகப் பல் கிளினிக் போடுகிறான். நாற்காலி, எக்ஸ்ரே, ஓட்டோகிளேவ் எல்லாம் முடிவாகிவிட்டது. போன கிழமை கேட்டான்: “மச்சான், நீ பாவிக்கிற அந்த சொஃப்ட்வெயார் இப்ப விலை குறைஞ்சிருக்காம். சிகிச்சைத் திட்டத்துக்கு டெம்ப்ளேட் எல்லாம் இருக்குத்தானே, எடுக்கட்டா?” போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. இதே கேள்வியை வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதியே விடுகிறேன். நோயாளிகளின் பதிவையும் சிகிச்சைத் திட்டத்தையும் எழுதி வைக்கிற மென்பொருள் அது. பெயரை எழுதவில்லை. கேட்டவனுக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

எங்கள் கிளினிக் வெள்ளவத்தையில். பகலில் நான் இருப்பேன். மாலையில் அரசாங்க வேலை முடித்து வேறு டொக்டர்மார் வருவார்கள். ஒரே ஆளின் வாயை மாறி மாறிப் பார்க்கிற இடம். கடதாசி அட்டை இருந்த காலத்தில் ஆளுக்கொரு திட்டம்தான். ஒருவர் முதலில் முரசை, அதாவது ஈறை, சுத்தம் செய்யச் சொல்வார், இன்னொருவர் முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே கிறவுனுக்கு, பல்லின் மேல் போடும் உறைக்கு, அளவெடுத்துவிடுவார். டெம்ப்ளேட், அதாவது படிகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த படிவம், வந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. முதலில் வலியும் வீக்கமும், அடுத்தது சொத்தையையும் முரசு நோயையும் கட்டுப்படுத்துவது, பிறகு திரும்பப் பார்த்து மதிப்பிடுவது, அதற்குப் பிறகுதான் கிறவுன், பிரிட்ஜ், இம்பிளான்ட், கடைசியில் பராமரிப்பு. படித்த ஒழுங்குதான் இது. நெரிசலான மாலையிலும் அது தவறாமல் நடக்க ஒரு திரை தேவைப்பட்டது.

பல் இலக்கத்தை நிறுவும்போதே மாற்றிவிட வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது அமெரிக்க முறையில் 1 முதல் 32 வரை என்று வரும். நாங்கள் எழுதும் முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். பல் பிடுங்குகிற இடத்தில் இது விளையாட்டில்லை. ஒருமுறை மாற்றினால் போதும், அது மாறியபடியே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மருத்துவ வரலாற்றுப் பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போடாமல் அடுத்த பக்கம் போக விடாது. கேள்விகளை எங்கள் மொழியில் எழுதிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தார். “வேற ஏதும் மருந்து குடிக்கிறீங்களா அம்மா?” என்று கேட்டேன். “பிரஷருக்கு மட்டும்தான் தம்பி” என்றார். திரையில் அடுத்த கேள்வி நிற்கிறது, அப்படியே வாசித்தேன்: “கிழமைக்கு ஒருக்கா, விடிய வெறும் வயித்தில குடிக்கிற எலும்புக் குளிசை ஏதும் இருக்கா?” “ஓம், அது ஞாயிற்றுக்கிழமையில. அது மருந்தில்லையே தம்பி, எலும்புக்குத்தானே.” அலென்ட்ரோனேற். வருடக்கணக்காகக் குடித்துவருகிறார். அந்தக் குளிசை குடிப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே பட்டுப்போவதுண்டு. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் மாதக்கணக்கில் துன்பம். பல்லைக் காப்பாற்றும் நிலையில்தான் இருந்தது, ரூட் கனால் செய்து வைத்துக்கொண்டோம். பொதுவாகக் கேட்டபோது வராத பதில், குளிசையைக் குறிப்பாகக் கேட்டதும் வந்தது. அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாதபடி வைத்தவர்களுக்கு மனமார நன்றி சொல்வேன். நீரிழிவு என்று போட்டால் HbA1c, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, எவ்வளவு என்று கேட்டு நிற்பதும் அப்படித்தான். முரசு நோயைத் தரம் பிரிக்கும் இன்றைய முறையில் 7 வீதம் என்பது ஒரு எல்லைக்கோடு. அந்த எண் இல்லாமல் போடுகிற திட்டம் அரைத் திட்டம்.

திட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்செடுத்துக் கொடுக்கலாம். ஆரம்பத்தில் தமிழ் அச்சில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாய்ப் பிரிந்து வந்தது, எழுத்துரு மாற்றியதும் சரியாகிவிட்டது. எங்கள் பகுதியில் பல பேருக்குப் பல்லுக்குக் காசு கட்டுவது கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைதான். அம்மா அந்தத் தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எது இப்போதே அவசரம், எது ஆறு மாதம் பொறுக்கும் என்று மகனுக்கும் விளங்குகிறது.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

வாய்ப் பரிசோதனைப் பக்கத்தில் பற்களுக்குக் கீழே மென்திசுவுக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. நாக்கு, வாயின் தரை, கன்னத்தின் உட்புறம், அண்ணம், வாய் திறப்பு. புதிய பரிசோதனை ஒன்றைத் திறந்தவுடனேயே இந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ‘நோர்மல்’ என்று ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பார்த்தாலும் நோர்மல், பார்க்காவிட்டாலும் நோர்மல். எதையும் தொடாமல் சேவ் பண்ணினால் நாலு மூலையும் பரிசோதித்த சுத்தமான வாய் ஒன்று பதிவாகிவிடும்.

இது எந்த நாட்டில் என்று யோசியுங்கள். இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும், ஏன் பாக்கே தனியாகவும், புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியிலேயே முடிவு சொல்லிவிட்டது. நோய் முற்றுவதற்கு முன் பெரும்பாலும் ஒரு வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, இறுகிப்போன கன்னமோ காட்டிக்கொடுக்கும். வலி இருக்காது. ஆகவே அதற்காக என்று யாரும் வரமாட்டார்கள். வேறு எதற்கோ வாயைத் திறக்கும்போது நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் ஐயா ஒருவர் வந்தார். “கறி வாயில வைக்க ஏலாது டொக்டர், எரியுது” என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்களுக்கிடையில் இரண்டு விரலை நிமிர்த்தி வைக்க இடமில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடவினால் உள்ளே நார் நாராய்க் கயிறு ஓடுகிறது. பாக்குப் போடுகிறவர்களுக்கு வாயின் உட்புறம் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். ஒரே இரவில் வருகிற வருத்தம் இல்லை இது. முந்தைய வருகையைத் திரையில் திறந்தேன். வலி தாங்காமல் ஒரு மாலையில் வந்து பல் பிடுங்கிப் போயிருக்கிறார். நாக்கு நோர்மல். கன்னம் நோர்மல். வாய் திறப்பு நோர்மல்.

யார் எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்கு மாற்றினார் என்ற குறிப்பும் இதே மென்பொருளில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டங்களை அன்றைக்கு ஒருவரும் தொடவில்லை. அன்று பார்த்த டொக்டரை நான் குறை சொல்லமாட்டேன். வலியில் துடிக்கிறவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். முழுப் பரிசோதனை செய்தேன் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. அவர் பெயரில் மென்பொருள் எழுதிவிட்டது. கடதாசி அட்டையாக இருந்திருந்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். ‘இன்னும் யாரும் பார்க்கவில்லை’ என்று அடுத்து வருகிறவருக்கு அந்த வெறுமையே சொல்லியிருக்கும்.

ஐயாவை வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. பாக்கை விட்டுவிட்டு, தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மென்பொருள்காரருக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: அந்தக் கட்டங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, டொக்டர் விரும்பினால் மாற்றலாம். இதை வாசித்தபோதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. எலும்புக் குளிசைக்குப் பதில் போடாமல் நகர விடாதவர்கள், பெனிசிலின் ஒவ்வாமைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் சிவப்பில் எச்சரிக்கிறவர்கள், இதை மட்டும் எங்களுக்காகத் தாங்களே நிரப்பி வைக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் இல்லை.

பிறகு நாங்களே ஒரு டெம்ப்ளேட் செய்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் ‘பார்த்தேன், மாற்றமில்லை’, ‘பார்த்தேன், மாற்றம் உண்டு’, ‘இன்று பார்க்கவில்லை’ என்று மூன்று தெரிவு. ஒன்றைத் தெரிவு செய்யும்வரை கட்டம் வெறுமை. வாய் திறப்புக்குச் சொல்லே கிடையாது, மில்லிமீட்டரில் எண் மட்டும்தான். 35க்குக் கீழே போனால் மஞ்சளாகும். வெற்றிலை போடுகிறவர் என்று குறித்தால் ‘இன்று பார்க்கவில்லை’ என்ற தெரிவே மறைந்துவிடும். முன் மேசையில் இருக்கும் பிள்ளைக்கும் இது பழகிவிட்டது. “ஐயா, வெத்திலை போடுறீங்களா?” என்று அவளே கேட்டுக் குறித்துவிடுகிறாள். அழகாக வேலை செய்கிறது. அடுத்த அப்டேட் வரும்வரை.

அப்டேட் வந்த மறுநாள் பரிசோதனைப் பக்கம் பழையபடி நோர்மலோடு திறக்கும். எங்கள் டெம்ப்ளேட் அழிந்துபோவதில்லை. பட்டியலில் கீழே போய்க் கிடக்கும், அவர்களுடையது மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் கவனத்தில் எடுத்திருப்பதாகப் பதில் வருகிறது. அப்டேட் நடக்கிற நாளை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. அதனால் காலையில் முதல் நோயாளியைக் கூப்பிடுமுன் வெற்றுப் பரிசோதனை ஒன்றைத் திறந்து பார்ப்பது இப்போது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

காசுப் பக்கத்தையும் சொல்கிறேன். சந்தா டொலரில். 2022 இல் ரூபாய் விழுந்தபோது எங்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பானது, மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட அந்த மாதங்களில் இணையம் இல்லாமல் திட்டத்தைத் திறக்கவும் முடியவில்லை. விலையைக் குறைத்திருப்பது நல்ல செய்திதான். வரவேற்கிறேன்.

நான் இந்த வருடமும் புதுப்பித்துவிட்டேன். எங்கள் நோயாளிகளின் முழு வரலாறும் அதற்குள் இருக்கிறது, அந்த எலும்புக் குளிசைக் கேள்வியைக் கைவிடவும் மனம் வரவில்லை. நண்பனுக்கு மட்டும் இப்போதைக்கு எடுக்காதே என்றுதான் சொல்வேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பான். கேட்கட்டும். புதுக் கிளினிக், தற்காலிகமாக வேலை செய்யும் லோக்கம் டொக்டர்மார் வந்து போகிற இடம், தினமும் காலையில் திறந்து சரிபார்க்க அங்கே ஆள் இருக்காது. வேறு எதை வாங்கப் போனாலும் செய்துகாட்ட வருகிறவரை நிறுத்தி, புது நோயாளி ஒருவரைத் திறந்து, ஒரு கட்டத்தையும் தொடாமல் சேவ் பண்ணி அச்செடுக்கச் சொல்லு. அந்தத் தாளில் நாக்கு நோர்மல் என்று வந்தால் காசு கட்டாதே.