காற்றுக்கு மேலா, கீழா: ஆறு ஆண்டு ஆடிய பிறகு

‘வுடன் ஷிப்ஸ் அண்ட் அயர்ன் மென்’ (Wooden Ships and Iron Men) 1970களில் வந்த பலகை ஆட்டம். அறுகோணக் கட்டங்கள், பாய்மரப் போர்க்கப்பல்கள், காற்றின் திசை. ஆறு ஆண்டுகளுக்கு முன் பழைய பிரதி ஒன்று கைக்கு வந்தது. தொலைந்த அட்டைக் கப்பல்களுக்குப் பதில் இப்போது புளியங்கொட்டைகள் மிதக்கின்றன. எதிராளி, ஞாயிறுதோறும் முத்தியால்பேட்டையிலிருந்து பஸ் ஏறிக் கடலூர் வரும் நண்பர்.

இருவரும் நகர்வை மறைத்து எழுதி, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ‘2இ1’ என்றால் இரண்டு கட்டம் நேரே, இடப்பக்கம் திரும்பி இன்னும் ஒன்று. எதிராளி எங்கே இருக்கிறார் என்பதை விட, எங்கே இருப்பார் என்று ஊகிப்பதுதான் ஆட்டம்.

முதல் இரண்டு ஆண்டுகள் எப்போதும் காற்றுக்கு மேற்புறத்தையே, அதாவது காற்று வரும் பக்கத்தையே பிடித்தேன். எப்போது பாய்வது என்பது அப்போது நம் கையில். ஆனால் முனையைக் காட்டியபடி நெருங்கும்போது நம் பக்கவாட்டுப் பீரங்கிகளால் பயனில்லை. எதிரியின் குண்டுகளோ கப்பலை நீளவாக்கில் துளைக்கும். அவருடைய முதல் வெடிக்கு விதிப்படியே கூடுதல் பலம் வேறு. பாய்மரம் முறிந்தால் பின்வாங்கவும் வழியில்லை, காற்று அவர் மடியில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்போதெல்லாம் பலம் குறைந்த நாளில் கீழ்ப்புறத்தில்தான் நிற்கிறேன். அடிபட்ட கப்பல் காற்றோடு தானாக ஒதுங்கிவிடும்.

சென்ற ஆண்டு 1783 ஜூன் 20 கடலூர்ச் சண்டையை நாங்களே அமைத்தோம். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனுக்கு 15 கப்பல், ஆங்கிலேயர் ஹியூஸுக்கு 18. சுற்றுக்கு 33 நகர்வுகள்; எழுதி எழுதி விரல் வீங்கியது. இவ்வளவு பெரிய சண்டையை ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். தேவனாம்பட்டினம் பெரியவர் ஒருவர் பலகையை எட்டிப் பார்த்து, “கச்சான் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்தீர்களா, தம்பி?” என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. 1783இல் அன்று மேல்காற்று நிலைத்து வீசியது, சுஃப்ரேன் மாலை நான்கு மணிக்கு மேல் நெருங்கினார். எண்ணிக்கையில் குறைந்தவர் மேற்புறத்திலிருந்து பாய்ந்தார். என் கணக்குக்கு நேர் எதிர்.

குறை ஒன்று உண்டு. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பியதற்கு மாலுமிகளின் ஸ்கர்வி நோயும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பெரிய காரணம். எங்கள் பலகையில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. எங்களுக்குத்தான் எடுக்கிறது: அட்டைக் கப்பல்கள் பறந்துவிடும் என்பதால் ஜூன் வெயிலிலும் மின்விசிறியைப் போட முடியாது.