30 நாள் லீவு, 74 நாள் கணக்கு

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சே, விசேஷம் எதுவும் இல்லையா?" வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் திருச்சியில் வந்து இறங்கிய வாரமே வீட்டில் இந்தக் கேள்வி எழும். அவரை யாரும் கேட்பதில்லை, அவர் மனைவியைத்தான் கேட்பார்கள். மலடி என்ற சொல் ஊர் வாயில் புழங்குகிறது. மலடன் என்ற சொல்லைக் காதால் கேட்டவர்கள் குறைவு. மருத்துவமனையிலும் அப்படித்தான். ஃபைல் மனைவி பெயரில் திறக்கிறது. ஸ்கேன், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று வலியும் செலவுமாக எல்லாம் அவருக்கு முடிந்த பிறகே, "மாப்பிள்ளைக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இதை யார் சொல்வது என்று மாமனார் வீட்டில் ஒரு வாரம் போய்விடும். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ வலி இல்லாதது, சில நூறு ரூபாயில் முடிவது. முதலில் செய்ய வேண்டியதை ஊர் கடைசியில் செய்கிறது.

லீவில் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு, ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகிறது என்பது. அது முதிர்ந்து வெளிவரும் காலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மாதம். இன்று கொடுக்கும் மாதிரியில் தெரிவது மூன்று மாதத்துக்கு முந்தைய வாழ்க்கை. ஊருக்கு வந்து சிகரெட்டை விட்டால் அந்த லீவுக்குள் பலன் தெரியாது. சிகரெட், மது, ஹான்ஸ் எல்லாவற்றையும் டிக்கெட் போடும் நாளிலேயே விட வேண்டும். வெல்டிங், பேக்கரி அடுப்பு, நாள் முழுக்க டிரெய்லர் ஓட்டுவது போன்ற வேலைகளில் விதைப்பை சூடாகவே இருக்கும். வேலையை மாற்ற முடியாது. ஆனால் இறுக்கமான உள்ளாடையைத் தவிர்க்கலாம், இடையிடையே எழுந்து நடக்கலாம், மடியில் லேப்டாப் வைக்காமல் இருக்கலாம். டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால், மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்டைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்கிறது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் மொத்தமே மூன்று லீவு சேர்ந்திருந்த தம்பதிக்கு இந்த வரையறை பொருந்தாது. அந்தப் பெண்களுக்குக் கருமுட்டை வளர மாத்திரை எழுதித் தருவதை நிறையப் பார்க்க முடிகிறது. அவர்களுக்கு முதலில் தேவை ஒரு காலண்டர். 28 நாள் சுற்று ஒழுங்காக வருகிறவர்களுக்கு, மாதவிலக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்தால், ஏறக்குறைய 9 முதல் 14ஆம் நாள் வரை கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள். 11ஆம் நாளில் வந்து இறங்கினால், 30 நாள் லீவுக்குள் இந்தச் சுற்றில் நாலு நாள், அடுத்த சுற்றில் நாலு நாள் கிடைக்கும். 15ஆம் நாளில் வந்தால் லீவு முடியும் தறுவாயில் ஒரே ஒரு வாய்ப்புதான். டிக்கெட் போடும் முன் மனைவியிடம் கேட்க வேண்டிய தேதி இது.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். வாய்ப்புள்ள நாட்களில் போய்ப் பரிசோதனைக்காக விலகி இருந்து அந்த மாதத்தையே இழக்கிறவர்கள் உண்டு. 14ஆம் நாள் தாண்டிய வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வேலை செய்யும் நாட்டிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

திருச்சி தில்லைநகர் போன்ற மருத்துவமனைப் பகுதிகளிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் இந்தச் சேவை இருக்கிறது. ஆனால் எல்லா லேபிலும் தனி அறை கிடையாது. பல இடங்களில் கையில் டப்பாவைக் கொடுத்து, ஊழியர்களும் போய்வரும் பாத்ரூமைக் காட்டுகிறார்கள். கூட்டம் நிறைந்த கூடத்தில் பெயரோடு டெஸ்டின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அத்தோடு திரும்பிப் போனவர் மறுபடி வரமாட்டார். ஒரு பூட்டும் ஒரு டோக்கன் எண்ணும் போதும் இதைச் சரிசெய்ய. போகுமுன் போனில் கேளுங்கள்: தனி அறை உண்டா, எத்தனை மணிவரை மாதிரி வாங்குவார்கள், வீட்டில் எடுத்துக் கொண்டுவரலாமா. வீட்டில் எடுப்பதானால் லேப் தரும் அகன்ற வாய் டப்பாவில்தான் எடுக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது; சாதாரண ஆணுறையிலும் எடுக்கக் கூடாது. இவை விந்தணுவைக் கொன்றுவிடும். டப்பாவைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்து, ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள் சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையேல் எண்ணிக்கை தவறாகக் குறைந்து வரும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் பெரிய குழப்பம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழ் எல்லை இது: விந்தின் அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். சில லேப்கள் இன்னும் 1999ஆம் ஆண்டின் 2 கோடியையும் 50 சதவீதத்தையும் அச்சடிக்கின்றன. 1.7 கோடி உள்ளவர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்குக் குறை என்று தூக்கம் இழக்கிறார். வடிவம் 4 சதவீதம் என்றதும் "96 பழுதாமே" என்று பயப்படுகிறார்கள்; 4 இருந்தால் போதும். எல்லைக்குக் கீழே இருந்தாலும் கரு தங்காது என்று பொருள் இல்லை. எண்கள் குறைவாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை எடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பூஜ்யம் என்று வந்தால், மாதிரியைச் சுழற்றி அடியில் தங்கியதையும் தேடினார்களா என்று கேட்க வேண்டும். விந்தின் அளவு மிகக் குறைவாக உள்ள சர்க்கரை நோயாளிக்கு அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். உச்சத்துக்குப் பிறகு எடுக்கும் சிறுநீரில் அது தெரிந்துவிடும்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆண் நேரில் போக வேண்டியது யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்கச் சிக்கல்களைப் பார்க்கும் பிரிவு) மருத்துவரிடம். நிற்க வைத்து விதைகளைத் தொட்டுப் பார்ப்பதே பாதிப் பரிசோதனை. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல் அப்போது தெரியும். பொதுவாக ஆண்களில் நூற்றில் 15 பேரிடம் அது இருக்கிறது. கைக்குத் தட்டுப்பட்டு, ரிப்போர்ட்டும் குறைந்திருந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். உடலைத் தொடாமலே மூன்று மாதத்துக்குச் சத்து மாத்திரை எழுதும் வழக்கம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் பெரிய ஆய்வு, அதனால் குழந்தைப்பேறு கூடவில்லை என்று 2020இல் சொல்லிவிட்டது.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆண்மைக்கான ஊசி என்று நினைத்துப் போடுவது விந்தணு உற்பத்தியையே நிறுத்துகிறது. திரும்பி வரப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். முடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிடுவது நல்லது.

லேபுக்கு வரக் கூசுகிறவர் லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் தைரியமாகப் போகிறார். அங்கே கதவு சாத்தியிருக்கிறது, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாட்டிலில் லேபிள் இல்லாத லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆண்மைக்குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் போஸ்டர் இன்னும் இருக்கிறது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் பி.எஸ்.எம்.எஸ். படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

அதே லேபில் ஒரே ரத்தக் குத்தலில் இன்னும் சிலவற்றை முடித்துவிடலாம்: மூன்று மாத சராசரிச் சர்க்கரை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான எச்.பி.ஏ2 அளவைக் கணவன் மனைவி இருவருக்கும் பார்ப்பது நல்லது, அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் கட்டாயம். இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. கரு தங்கும் முன்பே தெரிந்தால் மரபணு ஆலோசனைக்கு நேரம் இருக்கும்.

மாப்பிள்ளையிடம் சொல்வதில் இவ்வளவு தயக்கம் வேண்டாம். "டாக்டர் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்காங்க, நாளைக்குக் காலையில சேர்ந்தே போயிட்டு வாங்க." முதல் நாளே, முதல் சீட்டிலேயே இரண்டு பேர் பெயரும் இருக்கும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.