அம்மை என்று சொல்லி மூன்று நாளைத் தொலைத்தார்கள்

அம்மாவுக்கு முகத்தில் ஒரு பக்கம் ஷாக் அடிப்பது போல நரம்பு வலி. பக்கத்து கிளினிக்கில் கார்பமாஸெபின் எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது. 15ஆம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, இரண்டு கண்ணிலும் எரிச்சல்.

அதே கிளினிக்கில் வைரல் ஃபீவர் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் உதடெல்லாம் வெடித்து, நெஞ்சில் கருஞ்சிவப்புத் திட்டுகள். "அம்மை போட்டிருக்கு, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். நரம்பு மாத்திரையைத் தொடரலாமா என்று நானே கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, விடாம போடுங்க" என்றார். வாசலில் வேப்பிலை செருகினோம். அந்த மூன்று நாளும் வேளை தவறாமல் மாத்திரையைக் கையில் கொடுத்தது நான்தான். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

அப்புறம் புடவை உரசிய இடத்தில் தோல் வழன்று வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு மாசத்துக்குள்ள புதுசா என்ன மருந்து ஆரம்பிச்சீங்க?" என்பதுதான். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார்கள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சின்ட்ரோம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் புண்ணாகி உரிந்துவரும் நோய், உயிரையே எடுக்கக்கூடியது.

அம்மைக் கொப்புளம் அரிக்கும். இதில் தோல் தொட்டாலே எரியும், வலிக்கும். வாய், கண், சிறுநீர் போகும் இடம் எல்லாம் புண்ணாகும். பெரும்பாலும் மருந்து தொடங்கி நான்கு நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரும். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், கிருமித் தொற்றுக்குத் தரும் சல்ஃபா மாத்திரைகள் ஆகியவற்றாலும் வரலாம். காய்ச்சலோடு இப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படித்தான், அதற்கு மாற்று மருந்தை அங்கேயே தருவார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாஸெபினால் இந்த ஆபத்து அதிகம் என்றும், ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007லேயே எச்சரித்திருக்கிறது. சோதனை கிடக்கட்டும், "தோலில் ஏதாவது வந்தால் நிறுத்திட்டு ஓடி வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அம்மா பிழைத்துவிட்டார். கண்தான் வறண்டுபோய்விட்டது, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுகிறோம். கார்பமாஸெபினும் ஃபெனிடாயினும் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதிய அட்டை அவர் பர்ஸில் இருக்கிறது. இப்போது பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.