50 மீட்டர் இலக்குக்கு ஏர் ரைஃபிளும் 4-16×44 ஸ்கோப்பும்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

குலசேகரத்துக்கு அருகே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில், செம்மண் மேட்டை வெட்டிய உயரமான சரிவின் முன் காகித இலக்கை வைத்து, 50 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டுப் பழகி வருகிறேன். ரைஃபிள், அழுத்தக் காற்றை அடைத்துச் சுடும் பி.சி.பி. வகையைச் சேர்ந்தது. அதன் துளை 4.5 மி.மீ.; ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படவில்லை. அதற்காக 18,000 ரூபாய்க்கு வாங்கிய, இலக்கை 4 முதல் 16 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், 44 மி.மீ. லென்ஸ் கொண்ட ஸ்கோப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் பெல்லட்டுகள் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டுகள்) தாறுமாறாகச் சிதறியதால் ஸ்கோப்பின் மீதே ஐயம் கொண்டேன். ஆனால் கோளாறு, அதனுடன் வந்த மவுண்டில், அதாவது ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் பிடியில் இருந்தது. ரைஃபிளின் மேல் மவுண்ட் பற்றிக்கொள்ளும் 11 மி.மீ. தண்டவாளத்தில் படிந்திருந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, வேறு நல்ல மவுண்டை வாங்கிப் பொருத்தி, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கிய பிறகே சிதறல் அடங்கியது. பின்னர் கொத்தனாரின் தூக்குக்குண்டை 30 மீட்டருக்கு அப்பால் ஒரு ரப்பர் மரக்கிளையில் தொங்கவிட்டு, ரைஃபிளைச் சாயாமல் நிறுத்தி, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒன்றும்வரை குழாயைத் திருப்பினேன். இந்தக் கோடு சற்றுச் சாய்ந்திருந்தாலும், உயரத்துக்காக ஸ்கோப்பின் குமிழைத் திருகும் ஒவ்வொரு கிளிக்கும் (ஒரு படி நகர்வும்) குறியைப் பக்கவாட்டிலும் நகர்த்திவிடும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான்.

0.547 கிராம் பெல்லட்டை 30 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஜீரோ செய்தால், என் ரைஃபிளில் அது 50 மீட்டரில் ஏறத்தாழ 8 செ.மீ. கீழே படுகிறது. இந்த ஸ்கோப்பின் ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ., அதாவது 50 மீட்டரில் 5 மி.மீ.; ஆகவே 16 கிளிக்குகள் ஏற்ற வேண்டும். மேலே 20, வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 எனத் திருகி ஒரு சதுரத்தைச் சுட்டுப் பார்த்தபோது, கடைசிப் பெல்லட் முதல் துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பாய்ந்தது. கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு நம்பகத்தன்மையே போதும் என்று கருதுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. தொலைவுக்கேற்பக் காட்சியைத் தெளிவாக்கும் பாரலாக்ஸ் வளையத்தில் 50 என்று பொறித்த இடத்தில் வைத்தால் 50 மீட்டர் இலக்கு மங்கலாகவே தெரிகிறது. தலையைச் சிறிது அசைத்தால் குறிக்கோடு இலக்கின் மேல் நகர்கிறது. நான் தொலைவுகளை டேப்பால் அளந்து, வளையத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, சொந்தமாகக் குறித்துக்கொண்டேன். 16 மடங்குப் பெருக்கமும் தோட்டத்து நிழலில் பெரிதாக உதவவில்லை. மாலை நான்கரை மணிக்கு மேல் காட்சி இருண்டுவிடுகிறது. ஏனெனில் 44 மி.மீ. லென்ஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 16 மடங்கில் 2.75 மி.மீ. மட்டுமே. 10 மடங்கில் அது 4.4 மி.மீ. ஆகிறது, நான் பெரும்பாலும் அதில்தான் சுடுகிறேன். காற்று அசையாத காலைகளில் ஐந்து பெல்லட்டுகள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் அடங்குகின்றன.

ஆடி மாதத்தில் தோவாளைக்கு அருகே உறவினர் நிலத்தில், மண்சுவரின் முன் சுட்டபோது நிலைமை வேறாக இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் அந்தக் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. அது பெல்லட்டை ஒரு கையகலத்துக்கும் மேலாகத் தள்ளியது. அங்கே கிளிக் திருகிப் பயனில்லை. பாதி வழியில் கட்டிய துணி நாடாவைப் பார்த்து, ரெட்டிக்கிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) பக்கக் கோடுகளால் குறி வைக்க வேண்டியிருந்தது. அக்கோடுகள் மெல்லியவையாக இருந்தாலும் தெளிவாகத் தெரிந்தன.

குளச்சலில் எங்கள் வீடு கடலுக்கு அருகே இருப்பதால், உப்புக்காற்றுக்கு அஞ்சி, சுட்டு முடித்த அன்றே குழலின் வெளிப்புறத்தையும் மவுண்ட் திருகுகளையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவைக்கிறேன். இதுவரை துரு இல்லை. மழைநாளிலும் லென்ஸின் உள்ளே ஈரம் படியவில்லை.

பி.சி.பி. வைத்திருப்போர் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஸ்பிரிங் விசையால் சுடும் ரைஃபிள் வைத்திருப்போர், அதன் முன்னும் பின்னுமான இரட்டை உதைப்பைத் தாங்கும் என்ற உறுதியை விற்பவரிடம் எழுத்தில் பெற்ற பிறகே வாங்க வேண்டும்.