மலையகத்தில் எயார் ரைபிளும் ஸ்கோப்பும்: பின்னால் நழுவும் மவுண்ட்

குழலை மடித்து ஒற்றைக் குண்டு போட்டுச் சுடும் .177 ஸ்பிரிங் எயார் ரைபிளின் விலை இறங்கியிருக்கிறது, நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 4×32 ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தே தருகிறார்கள், எடுக்கலாமா என்று ஹட்டன் பக்கமிருந்தும் பண்டாரவளைப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். ரைபிளை மட்டும் கேட்டால் நல்ல பதில் உண்டு. ஸ்கோப்பையும் சேர்த்துக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இந்த விலைக்கு இதைவிட நேர்மையான குழல் கிடைக்காது. குழல்மேல் இருக்கும் குறியை வைத்தே 20 மீற்றரில் ஐந்து குண்டையும் 25 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் போடுகிறது. விசை கொஞ்சம் நீளம், ஆனால் இழுக்கும்போது எந்த இடத்தில் விடுபட்டுச் சுடும் என்பது விரலுக்குத் தெரியும். புதிதில் புகையும், வெடி போலச் சத்தமும் வரும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் உள்ளே அமுங்கித் தீப்பிடிப்பதுதான் அது. ஒரு டின் குண்டு முடியும்வரை ரைபிளுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சத்தத்தைக் குறைக்கிறோம் என்று தையல் மெசின் எண்ணெயைக் காற்றுத் துளையில் விட்டால் அதே தீ இன்னும் பலமாகப் பிடித்து, காற்றை அமுக்கும் பிஸ்டனின் சீல் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் கொண்டுபோய்விடும்.

இனி ஸ்கோப். இந்த ரைபிளில் இரண்டு உதை இருக்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய, ரைபிள் பின்னே வருகிறது. பிஸ்டன் முனையில் போய் நிற்கும் அந்த நொடியில் ரைபிள் முன்னே துள்ளுகிறது. ஸ்கோப்பும் அதைப் பிடித்திருக்கும் மவுண்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால், ஒவ்வொரு சூட்டுக்கும் ரைபிளின் மேல் மவுண்ட் பற்றும் ரெயிலில் மயிரிழை அளவு பின்னால் நழுவுகின்றன. வெடிமருந்துத் துவக்குக்கான ஸ்கோப் பின் உதையைத்தான் தாங்கும். முன் துள்ளலில் அதன் உள்வில்லைகளும் குறிக்கோடும் தளர்ந்துவிடும். எயார் ரைபிளுக்கென்றே செய்தது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும்.

மலையில் இது இன்னும் மோசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக நிற்கும் காற்றும் அதே அளவு குறைகிறது. குண்டின் வேகம் இறங்கும், பிஸ்டன் முனையில் பலமாக மோதும். இலேசான குண்டு இந்த மோதலைக் கூட்டும். 7 கிரெய்ன் எடையுள்ள குண்டை விட்டு 8 கிரெய்ன் அளவில் எடுங்கள். கொழும்பில் சுட்டுப் பார்த்துவிட்டு மவுண்ட் அசையவே இல்லை என்று சொல்பவரின் பேச்சு நம் ஊருக்குப் பொருந்தாது.

கூடவே தருகிற மவுண்ட் 11 மில்லிமீற்றர் ரெயிலுக்கானது. ஒரே ஒரு பிடிதிருகு, தடுப்பு ஊசி கிடையாது. ரெயிலிலோ ஊசி இறங்க அழகான துளை இருக்கிறது! துளை போடத் தெரிந்த கம்பனிக்கு ஊசியுள்ள மவுண்ட் ஒன்றைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. என் ஆத்திரமெல்லாம் இதில்தான். குண்டு இடம் மாறுவதைக் கண்டதும் ஆட்கள் மவுண்டைப் பார்ப்பதில்லை, குறியை நகர்த்தும் ஸ்கோப் குமிழைத் திருகுகிறார்கள். மவுண்ட் மேலும் நழுவ மேலும் திருகுகிறார்கள். கடைசியில் ஸ்கோப் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

தடுப்பு ஊசியுள்ள ஒற்றைத்துண்டு மவுண்ட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ரெயிலையும் மவுண்டின் பற்களையும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் காயவிடுங்கள். ஊசியைத் துளைக்குள் இறக்கி, மவுண்டை முழுக்கப் பின்னால் தள்ளி, ஊசி துளையின் பின்விளிம்பில் முட்டிய பிறகே பக்கத் திருகுகளை இறுக்குங்கள். நடுவில் விட்டு இறுக்கினால் அந்த இடைவெளியளவு நழுவியே தீரும். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அலன் சாவியின் நீளப் பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கடைசியில் மவுண்டிலும் ரெயிலிலும் சேர்ந்தாற்போல ஒரு கியூடெக்ஸ் கோடு போடுங்கள். இருபது குண்டுக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் குமிழைத் தொடவே கூடாது, மவுண்டைச் சரிசெய்யுங்கள்.

கோடு உடையாமலும் குண்டு அலைந்தால் குழலின் சாய்வைப் பாருங்கள். மடிகுழல் ரைபிளில் குழல் சற்றே கீழ்நோக்கி நிற்பது சாதாரணம். குண்டு கீழே விழ, மேல்-கீழ்க் குமிழைக் கடைசிவரை ஏற்றுவார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அங்கே தளர்ந்து நிற்பதால் குறி நிலைக்காது. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பின்வளையத்தின் அடியில் சோடா டின்னில் வெட்டிய தகட்டை வையுங்கள். வளையங்களுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் இருந்தால், 0.1 மில்லிமீற்றர் தகடு இரண்டு 20 மீற்றரில் குண்டை 40 மில்லிமீற்றர் உயர்த்தும். அதற்கு மேல் அடுக்கினால் குழாய் வளையும்.

கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) குமிழில் ஒரு கிளிக் 20 மீற்றரில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. மூன்று சென்றிமீற்றர் நகர்த்த இருபது கிளிக் வேண்டும். ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல், திறந்த உள்ளங்கையில் கிடத்திச் சுடுங்கள். மண்மூட்டையில் நேரே வைத்தால் துள்ளல் மாறிக் குண்டு வேறிடம் போகும். சரிவில் மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் குண்டு உயரத்தான் போகும். 30 பாகைச் சரிவில் 35 மீற்றர் தூரம் என்றால், 30 மீற்றர் சமதரை என்று வைத்தே குறி பாருங்கள்.

மூடுபனியில் கண்ணாடி மங்குவதற்கு ஸ்கோப்பைத் திட்டுவது நியாயமில்லை. குளிரில் நின்ற ஸ்கோப்பைச் சூடான அடுப்படிக்குள் கொண்டுவந்தால் எதுவும் வியர்க்கும். உள்ளே மங்கினால் மட்டுமே அது பழுது. பனிக்குள் குமிழ் மூடியைத் திறக்காதீர்கள். ஸ்பொஞ்சு வைத்த பெட்டியில் ரைபிளை வைக்கவும் வேண்டாம். ஸ்பொஞ்சு ஈரத்தைக் குடித்து ஒரு மழைக்காலத்துக்குள் குழலில் துரு ஏற்றிவிடும்.

குண்டு போடும்போது மறுகை குழலை விடவே கூடாது. விசை தவறினால் குழல் திரும்பி அடித்து விரலை எடுத்துவிடும். தேயிலைச் செடிக்குப் பின்னால் ஆள் நிற்பது பனியில் தெரியாது. பின்னால் மண்மேடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் சுடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு இது ஆகவே ஆகாது, காயப்பட்ட பன்றி பல நாள் வேதனைப்பட்டே சாகும். குரங்கையும் இதனால் அடிக்காதீர்கள். இது கடதாசிக்கும் டின்னுக்குமான ரைபிள். வாங்குமுன் அனுமதி விடயத்தைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஆக, குழல் நல்லது, விசை நல்லது, ஸ்கோப்பின் கண்ணாடிகூடப் பரவாயில்லை. இருந்தும் இந்தச் சேர்மானத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ரைபிளை மட்டும் தருவார்களென்றால் எடுங்கள். தரமாட்டோம் என்றால் இறங்கிய விலையிலும் வேண்டாம்.